அக்காவின் ஒன்பது நாட்கள்

பெருங்களத்தூர் வீட்டுத் தோட்டத்தின் படங்கள் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன. செம்மண் குவியல், பாதி பதித்த பேவர் கல், சுவரோரம் சாய்த்து வைத்த நந்தியாவட்டைக் கன்றுகள், பிறகு அதே செம்மண் குவியல் வேறொரு மூலையில். ஒவ்வொரு படத்தோடும் நாளும் மணியும் பதிவாகியிருக்கும். அவற்றில் ஒன்றில், நடவு வேலைக்கு வந்த அக்கா மண்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள். மண்வெட்டிகள் தரையில் கிடக்கின்றன. ஐந்து பேரும் மடியில் கையை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தபடி இருக்கிறார்கள். மண் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்ப்பதற்காக நான் எடுத்த படம் அது. அவர்களை நான் எடுக்கவில்லை, அவர்களாகப் படத்துக்குள் வந்து விழுந்துவிட்டார்கள். எடுத்த நேரம் காலை பதினொன்றே முக்கால். எட்டு மணியிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

தோட்டம் வடிவமைப்பதை நான் நாற்பது வயதில் தொடங்கினேன். அதற்கு முன் கிண்டியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். சேலையூரில் எங்கள் மொட்டைமாடியில் நான் வைத்திருந்த செடிகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் ஒருவர் கேட்டார், பிறகு அவருடைய தம்பி கேட்டார். ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிட்டேன். இனி லீவுக்கு யாரையும் கேட்க வேண்டாம், என் நேரம் எனக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நடந்தது வேறு. வாடிக்கையாளர் கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓடினேன். காலையில் மேடவாக்கம், பத்தரைக்குப் பள்ளிக்கரணை, அங்கிருந்து திரும்பி நர்சரி, மதியம் பெருங்களத்தூர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே போனில் பேசிக்கொண்டிருப்பேன். "ஆபீஸ விட்டுட்டேன்னு சொன்ன. அது எங்க விட்டுது உன்ன," என்று என் கணவர் ஒருநாள் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இதுவும் அதுவும் ஒன்றா, இது நானாகச் செய்வது என்று சண்டை போட்டேன்.

அக்கா பீர்க்கன்கரணைக்காரர். என்னைவிட இரண்டு வயதோ மூன்று வயதோ மூத்தவர். கட்டட வேலையில் சித்தாளாக இருந்து, பிறகு செடி நடும் வேலைக்கு வந்தவர். நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு குழுவாக வருவார். முதல் மாதம் என்னை மேடம் என்றார். இரண்டாவது மாதம் இன்னாம்மா என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. மண்ணைக் கையில் எடுத்து உருட்டி, பிசைந்து, உதிர்த்துப் பார்த்துவிட்டு, இது ஏரி மண்ணு, தண்ணி நிக்கும், கீழ ஜல்லி போடாம நட்டா வேர் அழுகிடும் என்பார். அவர் சொன்னபடி செய்யாத ஓரிடத்தில் என் இட்லிப்பூச் செடிகள் இருபதும் செத்துப்போயின. காலை எட்டிலிருந்து மாலை நாலரை. நடுவில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். நாலரைக்கு மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்துவிட்டால் பிறகு யார் என்ன சொன்னாலும் கையில் எடுக்கமாட்டார். ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போவார், அன்று வேலையே கிடையாது. முன்தினம் சாயங்காலம் நான் போன் செய்து நாளைக்கு வேலை இருக்கிறது என்று சொன்னால், அவர் நான்கு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார். சொன்ன பிறகு அந்தப் பெண்கள் வேறு வேலைக்கு ஒப்புக்கொள்ளமாட்டார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது ஒரு தகவலாகத்தான் தெரியும்.

பெருங்களத்தூர் சார் நல்ல மனிதர். இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். அதட்டிப் பேசியதே இல்லை. போகும்போதெல்லாம் ஃபிளாஸ்கில் காபி வரும். புதிதாகக் கட்டிய வீட்டின் முன்னாலும் பக்கத்திலும் தோட்டம் போட வேண்டும், மூன்று வாரத்தில் முடிகிற வேலை. மொத்தமாக ஒரு தொகை பேசினேன். ஜனவரி கடைசியில் தொடங்கியது மே மாதம் வரை இழுத்தது. அவருடைய மனைவி போனில் ஏதாவது ஒரு தோட்டத்தைப் பார்ப்பார், சார் எனக்கு அதை அனுப்புவார். "ஒரு சின்ன சேஞ்ச்தான் மேடம். நீங்க ஒருவாட்டி நேர்ல வந்து பாத்துட்டா போதும்." நான் போவேன். கூழாங்கல் படுகை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு நகரும். பவளமல்லி வைக்கக் குழி எடுத்த பிறகு, பூ கொட்டிக் குப்பையாகும் என்பதால் அங்கே காகிதப்பூ வரும். பிறகு அதில் முள் இருக்கிறது என்பது நினைவுக்கு வரும். இது கூடுதல் வேலை சார் என்ற நான்கு சொற்களை ஜிஎஸ்டி ரோடு முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். பெருங்களத்தூர் சிக்னலில் நின்று மறுபடி சொல்லிப் பார்ப்பேன். வாசலில் அவர் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், பண்ணிடலாம் சார் என்பேன்.

அவர் முடிவு எடுக்கும் வரை அக்காவும் மற்றவர்களும் மண்மேட்டில் காத்திருப்பார்கள். மதியத்துக்குமேல் முடிவு வந்தால் பாதிக் கூலி. சில நாட்களில் காலை ஏழரைக்கு சாரிடமிருந்து செய்தி வரும், இன்று ஆட்கள் வேண்டாம், மனைவிக்கு இன்னும் ஒரு யோசனை இருக்கிறது என்று. நான் அக்காவைக் கூப்பிட்டு இன்னிக்கு வேணாம்கா என்பேன். அதற்குள் ஐந்து பேரும் சோறு கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அக்கா சரி என்று மட்டும் சொல்வார். ஒருமுறை மட்டும், "எத்தினி நாளு இப்டி கெளம்பி கெளம்பி வூட்டுக்குத் திரும்பறது மா, மத்தவளுங்க என்னைல்ல கேக்கறாங்க," என்றார். அடுத்த முறை இப்படி நடக்காது என்று சொன்னேன். அடுத்த முறையும் நடந்தது. நான் என்னை மிகவும் தாராளமான ஆளாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கூடுதலாக ஒரு ரூபாய் கேட்காமல் ஓடி ஓடிச் செய்கிறேன், என் நேரத்தை அள்ளிக் கொடுக்கிறேன், ஒருநாள் இதற்கெல்லாம் பலன் வரும் என்று.

மே மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகளுக்குப் புதுநன்மை. கத்தோலிக்கக் குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அக்கா மார்ச் மாதமே சொல்லிவிட்டார், நான் டைரியிலும் குறித்துக்கொண்டேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு தையல்காரரிடம் வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்திருந்தார். கழுத்தில் லேஸ் வைப்பதா முத்து வைப்பதா என்று ஒரு மதியம் முழுக்க அந்த நான்கு பெண்களும் பேசினார்கள், என்னையும் கேட்டார்கள். நான் முத்து என்றேன். சாரின் கிரகப்பிரவேசமும் அதே ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதனால் ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமையோடு தோட்டம் முடிந்துவிட்டது, அக்காவும் மற்றவர்களும் மண்வெட்டிகளைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாரிடமிருந்து போன். முன்பக்கக் கூழாங்கல் படுகை அவருடைய மாமனாருக்குக் கட்டாந்தரை மாதிரித் தெரிகிறதாம். ஞாயிறு எல்லோரும் வருகிறார்கள், அங்கே புல்தரை இருந்தால் படத்துக்கும் நன்றாக இருக்கும். பாய் மாதிரிச் சுருட்டி வருகிற புல்தானே, விரித்துவிட்டால் முடிந்தது. சின்ன வேலை. அதை ஒழுங்காகச் செய்ய இரண்டு வாரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் கல்லை அள்ள வேண்டும், மண் நிரப்பிச் சமன் செய்து படிய விட வேண்டும், அதற்குப் பிறகுதான் புல். கத்திரி வெயிலில் அது நிற்குமா என்பதும் சந்தேகம். பண்ணிடலாம் சார் என்றேன். சனிக்கிழமை கல்லை அள்ளி மண் நிரப்ப மூன்று ஆட்கள் வேறு இடத்திலிருந்து கிடைத்தார்கள். ஆனால் அவர்களுக்குப் புல் பதிக்கத் தெரியாது, ஞாயிறு அவர்கள் வரவும் மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் அக்காவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "பூச எட்டு மணிக்கு," என்றார். "ஆறரைக்கு விட்டுடுவியா?" நான் ஆறேகாலுக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன். புல் வண்டி விடியற்காலை நாலரைக்கு வந்துவிடும், இரண்டு பேர் இருந்தால் போதும், ஒன்றரை மணி நேர வேலை.

வண்டி ஆறு மணிக்குத்தான் வந்தது. வழியில் டயர் பஞ்சர் என்றார் டிரைவர். அக்கா நாலரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார், இன்னொரு பெண்ணையும் கூட்டிவந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் பட்டுப்புடவை. இருவரும் புல் சுருள்களை இறக்கி விரித்தார்கள். நானும் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்தேன். எங்களுக்குப் பின்னால் நாகஸ்வரக்காரர்கள் வந்தார்கள், பசுவும் கன்றும் வந்தன, உறவுக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆறரை ஆனது. ஏழு ஆனது. ஏழேகாலுக்கு அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விளிம்பில் ஒரு முழ அகலத்துக்கு மண் தெரிந்துகொண்டிருந்தது. சார் பட்டு வேட்டியோடு வாசலில் வந்து நின்று அந்த மண்ணையே பார்த்தார். "இந்த ஓரம் மட்டும்கா, சின்ன வேலதான்," என்று நான் சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது.

அக்கா முடித்துக் கொடுத்தபோது எட்டாகப் பத்து நிமிடம். வீட்டின் பின்னால் போர் குழாயில் கைகால் கழுவி, சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் புடவை மாற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஓடினார். பிறகு நடந்ததைக் கூட வந்த பெண்தான் எனக்குச் சொன்னாள். முகூர்த்த நாள் என்பதால் ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. பாதி வழியில் இறங்கி அக்கா நடந்திருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வரிசையாகப் போய் நற்கருணை வாங்கித் திரும்பி உட்கார்ந்தாகிவிட்டது. பெற்றோர் பிள்ளைக்குப் பின்னால் நின்று தோளில் கை வைக்க வேண்டும், அதுதான் வழக்கம். அக்காவின் கணவர் அதற்கு ஒரு வருடம் முன்பு காலமாகிவிட்டார். மகளின் தோளில் பக்கத்து வீட்டு அம்மா கை வைத்திருக்கிறார். அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம், மகள் மூன்று முறை திரும்பிப் பார்த்தாளாம். எந்த முறை அவளுக்கு அம்மா தெரிந்தார் என்பது சொன்னவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அக்கா கூடைகளையும் மண்வெட்டிகளையும் எடுத்துப் போக வந்தார். எல்லாம் அவருடையவை. நான் மன்னிப்புக் கேட்டேன். வண்டி தாமதமானது, பஞ்சர், சார் வாசலில் நின்றது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கட்டி முடிக்கும் வரை கேட்டார்.

"உன் டைமு உன்னுது மா. நீ யாருக்கு வோணா அள்ளிக் குடு, நான் இன்னா கேக்கப் போறேன். என்னுத எடுத்து ஏன் குடுத்த?"

கத்தவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் போனார். புல்தரை பத்து நாளில் பழுத்து மஞ்சளானது. சார் ஒரு படம் அனுப்பி, ஒருமுறை வந்து பார்க்க முடியுமா மேடம் என்று கேட்டிருந்தார்.

அந்த வாரத்தில்தான் கைப்பேசிப் படங்களை முதல் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன். எட்டு முறை போனால் முடியும் என்று விலை பேசிய வேலைக்கு முப்பத்தொரு முறை போயிருந்தேன். கணக்குப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவள் நான், பேசிய தொகையை அந்த நாட்களால் வகுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வகுத்தபோது எனக்கு நாளொன்றுக்கு வந்தது அக்காவின் குழுவில் ஒருவர் வாங்கும் கூலியைவிடக் குறைவு. அந்தப் பற்றாக்குறையை எங்கிருந்து ஈடுகட்டினேன் என்பதும் படங்களில் இருந்தது. காத்திருந்தவர்கள், சோற்றுத் தூக்கோடு திரும்பிப் போனவர்கள். தாராளம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம். இல்லை என்று சொன்னால் அவர் வேறு யாரையாவது கூப்பிட்டுவிடுவார், பிறகு எனக்கு வேலை வராது, மறுபடி கிண்டிக்கு மின்சார ரயில் பிடிக்க வேண்டும் என்ற பயம். அதை மறைக்க ஐந்து பெண்களின் காலைகளைச் செலவழித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு தாளில் சில வரிகள் டைப் அடித்து வைத்துக்கொண்டேன். வாரத்தில் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் நேரில் வருவேன். வரைபடத்தை இரண்டு முறை மாற்றலாம், மூன்றாவது மாற்றம் தனி வேலை, தனி விலை, எழுத்தில். ஆட்களை வரச் சொன்ன பிறகு வேண்டாம் என்றால் முழுக்கூலி. அந்தத் தாளை முதலில் நீட்டியது பள்ளிக்கரணையில் ஒரு டாக்டரிடம். அவர் படித்துவிட்டு, "கார்டனுக்கு இவ்ளோ ரூல்ஸா," என்று சிரித்தார், யோசித்துச் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. அடுத்த இரண்டு மாதம் யாருமே சொல்லவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், மொட்டைமாடியில் நன்றாக இருக்கிற செடியைப் பிடுங்கி வேறு தொட்டியில் வைப்பேன், மறுநாள் பழைய தொட்டிக்கே மாற்றுவேன். தாளைக் கிழித்துவிடலாம் என்று எத்தனையோ முறை எடுத்தேன். மூன்றாவது மாதம் மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியை அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்து, கையெழுத்துப் போட்டார். அந்த வேலை சொன்ன நாளில் முடிந்தது. எனக்குக் கொஞ்சம் மிஞ்சியது, ஆட்களும் நாலரைக்கு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பணத்தோடு பீர்க்கன்கரணைக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே வா என்றார், அவ்வளவுதான். நான் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போயிருந்தேன். காத்திருந்த நாட்களும் திரும்பிப் போன நாட்களும், படங்களையும் செய்திகளையும் பார்த்து எடுத்தது. மொத்தம் பதினொன்று. ஐந்து பேருக்கும் அந்த நாட்களின் கூலி என்று சொல்லி நீட்டினேன். அவர் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு தேதியாகப் படிக்க, அக்கா சுவரைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டே வந்தார். ஒரு தேதியில் நிறுத்தினார்.

"அன்னிக்கு மழ. கோட மழ, ஞாபகம் இருக்கா? அது உன் தப்பு இல்ல. அடிச்சிடு."

மகள் பேனா எடுத்து அதை அடித்தாள். கடைசி தேதியைப் படிக்கும்போது அந்தப் பெண்ணுக்கே குரல் இறங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை. அக்கா கை நீட்டித் தாளை வாங்கி, மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அதுவும் வோணாம். அத நீ குடுக்க முடியாது மா."

ஒன்பது நாட்களுக்கு உள்ளதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை என் கையில் திணித்தார். பிறகு டீ போட்டார். என்னோடு மறுபடி வேலைக்கு வருவீர்களா என்று நான் கேட்டதற்கு, வரமாட்டேன், தனியாக எடுத்துச் செய்யப் போகிறேன் என்றார். மாதாமாதம் பராமரிப்புக்கு இரண்டு அடுக்குமாடிகளில் பேசி முடித்திருந்தார். அவருக்கு நான் தேவையில்லை என்பது எனக்கு வலித்தது, அதே நேரத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

ஆறு வருடம் ஆகிறது. அக்காவிடம் இப்போது எட்டுப் பேர், சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி. நான் வரைகிற தோட்டங்களில் பாதிக்கு நடவு வேலை அவர்தான், அவர் சொல்கிற விலையில், அவர் சொல்கிற நாட்களில். என் தாள் இரண்டு பக்கமாக வளர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் போன் எடுப்பதில்லை. ஆனால் காப்பாற்றி வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. என் மகன் வெளியூரில் படிக்கிறான், கணவருக்கு அவருடைய நண்பர்கள் உண்டு. நான் மாடியில் தொட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பேன், யாரையோ காக்க வைத்துவிட்ட மாதிரி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பூசை முடிந்து வந்து பிரியாணி செய்திருந்தார். மூவரும் தரையில் உட்கார்ந்தோம். வேலை பேசக்கூடாது என்று அக்காவே முதலில் சொன்னார். அந்தப் பெண் பதினோராம் வகுப்பில் என்ன எடுக்கப் போகிறாள் என்று சொல்லத் தொடங்கினாள். உயிரியல் பிரிவு, பிறகு நர்சிங், அதில் எங்கெல்லாம் இடம் கிடைக்கும் என்று அவள் விசாரித்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. அவர் அதைப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார். மறுபடி அடித்தது. "ஒரு நிமிசம்," என்று இடது கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். புதிதாகப் பேசிக்கொண்டிருக்கிற பெரிய அடுக்குமாடி போலிருக்கிறது. உள்ளே இருந்து எங்களுக்குக் கேட்டது.

"சொல்லுங்க சார். இல்ல சார், ஃப்ரீதான் சார். இன்னிக்கேவா? வந்து பாத்துடறேன் சார், அதுக்கு இன்னா."

அந்தப் பெண் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை, பழகிய முகம்தான் இருந்தது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். போனை வையுங்கள் என்று அக்காவிடம் சொல்ல இந்த ஊரில் தகுதியே இல்லாத ஆள் நான். "நர்சிங்ல எங்க சொன்ன, சொல்லு," என்று கேட்டேன். அவள் எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து வந்து, அம்மாவின் சோற்றை மூடி வைத்தாள்.